தோல் கட்டிய ஜீப்

போன கிழமை பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றேன். சீமெந்து ஏற்றிவந்த லொறி ஒன்று நட்டநடு வெயிலில் நின்றுபோயிருந்தது. சாரதி இஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கைப்பம்பை அமத்திக்கொண்டிருந்தான். கிர்க், கிர்க் என்று சத்தம். டீசல் பைப்புக்குள் காற்றுப் புகுந்துவிட்டால் வாகனம் அப்படியே நின்றுவிடும். காற்றை வெளியே எடுத்தால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகும். அதற்கு 'எயார் எடுக்கிறது' என்று பெயர். காற்றோடு கொஞ்சம் டீசலும் நுரைத்துக்கொண்டு வந்து தார் றோட்டில் சொட்டியது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் என் கால்கள் தம்பாட்டில் பின்னுக்குப் போயின. கண்கள் கடைகளுக்குப் பின்னால் யானை தேடின. பாலாவிச் சந்தியில் யானை! கச்சான் விற்றுக்கொண்டிருந்த மனிதர் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, தலைய சுத்துதா?" என்று கேட்டார். "ஓம் நானா, வெயில்" என்று சமாளித்தேன். உங்களிடம் அப்படிச் சமாளிக்க வேண்டியதில்லை. எனக்கு வந்தது பயம்தான்.

பயப்படுவதில் நான் சின்ன வயதிலேயே தேர்ச்சி பெற்றவன். குறிஞ்சிப்பிட்டியில் பிறந்தவன் கழுதைக்குப் பயந்தால் எப்படி வாழ்வது? நான் பயந்தேன். எங்கள் பக்கத்தில் கழுதைகள் றோட்டைத் தங்கள் பெயருக்கு எழுதி வாங்கியதுபோல நடுவில் நிற்கும். நான் வெங்காயத் தோட்டங்களுக்குள்ளால் சுற்றி வளைத்துப் பள்ளிக்கூடம் போவேன். கடலுக்கும் பயம், ஆகவே மீன்பிடிக்கு உதவவில்லை. இடிக்குப் பயம், ஊசிக்குப் பயம், யாராவது "உன்னோட ஒரு கதை இரிக்கி" என்று சொன்னால் அதற்கும் பயம். இப்படிப்பட்ட என்னை, சில்லு வைத்த ஒரு பயத்தைச் சொந்தமாக வைத்திருந்த குடும்பத்தில் கலியாணம் முடித்துக் கொடுத்தார்கள்.

என் மனைவி பஸ்லியாவின் ஆட்கள் மன்னாரில் முசலிப் பக்கத்துக் கடலோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர்கள். தொண்ணூறில், யுத்தத்துக்குள், வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் வெளியேற்றப்பட்டு வந்து எங்கள் புத்தளப் பக்கம் கரைத்தீவில் குடியேறியவர்கள். வரும்போது பஸ்லியா கைக்குழந்தை. அவளுடைய காக்கா நவ்பர், அதாவது அவளுக்கு அண்ணன், எனக்கு மச்சான், அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். மாமி இங்கே வந்து சில வருடங்களில் மௌத்தாகிவிட்டார். ஆகவே அந்த ஊரின் முகம் அந்த வீட்டில் மாமா ஒருவருக்குத்தான் தெரியும். அவர் அதை விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். பாண் தின்னும்போது சொல்வார், வலை பொத்தும்போது சொல்வார். வாசலில் இரண்டு பனை. பனைக்குப் பின்னால் அவருடைய வாப்பா முருகைக்கல்லால் கட்டிய கிணறு. அதிலே கடலோரத்தில் இல்லாத நல்ல தண்ணீர். "இந்தப் புத்தளத்துத் தண்ணியில தேத்தண்ணி ஊத்தினா சவக்காரம் குடிச்ச மாதிரி மருமகன்" என்பார். நான் புத்தளத்தான் என்பதால் அந்தக் குற்றச்சாட்டுக்கு நானே பதில் சொல்ல வேண்டியதாக இருக்கும்.

ஜீப்புக்கு வருகிறேன். மூடிக் கிடந்த ஓர் இறால் பண்ணையிலிருந்து மாமா வாங்கிய பழைய டீசல் ஜீப் அது. நான்கு சில்லும் இழுக்கும். கரைவலைக் கயிற்றை அதில் கட்டி இழுத்தார்கள், ஐஸ் கொண்டுபோய் மீன் கொண்டுவந்தார்கள். கலியாணம் முடித்த கையோடு நானும் அதில் ஏறினேன். பெட்டி தூக்குவதும் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதும் என் உத்தியோகம். அலை வந்து தொடும் ஈர மணலில்தான் அதன் ஓட்டம் முழுவதும். அப்படியான வாகனத்தை உப்புத் தின்னாமல் காப்பாற்ற எங்கள் கரையில் ஒரு வழி வைத்திருந்தோம். கழித்த ஓயிலை வாளியில் எடுத்து ஜீப்பின் அடிப்பக்கம் முழுக்கத் துணியால் பூசுவது. ஈரம் காயமுன் உலர்ந்த மணல் மேட்டில் போட்டு உருட்டுவது. மணல் பறந்து ஓயிலில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் மறுபடி ஓயில், மறுபடி மணல். நாளாக நாளாக அடியில் விரல் மொத்தத்துக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு வந்துவிடும். 'தோல் கட்டுறது' என்று சொல்வோம். தோல் கட்டிய வாகனத்தை உப்புக்காற்று தொடாது என்று கரை முழுக்க நம்பியது. மாமா பெரிய நம்பிக்கைக்காரர். அவர் கட்டுகிற தோலை மற்ற மீன்வாடிக்காரர்கள் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

யுத்தம் முடிந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த மாமா சட்டையைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். ஊர்க்காரர் ஒருவர் வந்து செய்தி சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காணி அளக்கிறவர்கள் கிராமத்துக்கு வருகிறார்கள். இருபது வருடமாக ஆளில்லாமல் எல்லாம் காடாகிக் கிடக்கிறது. அவரவர் வந்து தன் காணிக்குள் நின்று 'இது என்னுடையது' என்று காட்ட வேண்டும். காட்டினால் நான்கு மூலைக்கும் கல் நடுவார்கள். காட்ட ஆளில்லாத இடம் காட்டோடு சேர்ந்து காடாகவே போய்விடும். "காலையில வெள்ளனப் போனாத்தான் பத்தைய வெட்டி உள்ளுக்குப் போய்ப் பாக்கலாம். மத்தியானம் ளுஹருக்கு முன்ன அவங்க முடிச்சிட்டுப் போயிருவாங்க" என்றார் மாமா. பஸ்லியா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டு நின்றாள். வாங்கிக்கொள்ள அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அன்று பின்னேரம்தான் ஜீப்புக்கு அடியில் மணல் ஈரமாக இருந்ததைக் கண்டோம். தொட்டு மணந்தால் டீசல்.

சனிக்கிழமை நவ்பர் பாலாவிக்குப் போய்ப் புதுப் பைப் ஒரு சுருள் வாங்கி வந்தான். வேப்பமரத்துக்குக் கீழே பலகை வைத்து, அதன்மேல் ஜாக் வைத்து ஜீப்பைத் தூக்கித் தென்னங்குற்றிகளில் நிறுத்தினோம். மணல் நிலம், பலகை மெல்லப் புதைந்துகொண்டே இருந்தது. அடியில் போய்ப் படுக்க வேண்டியவன் நான். ஜீப் என் நெஞ்சில் இறங்கினால் பஸ்லியா விதவைக்குரிய இத்தாக் காலம் முடிய யாரைக் கலியாணம் செய்வாள் என்று ஊரில் உள்ள ஆம்பிளைகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஒருவனும் சரியில்லை.

ஜீப்பின் சட்டத்தோடு ஒட்டி இரண்டு பைப்புகள் போகும். பின்னால் இருக்கும் டாங்கியிலிருந்து இஞ்சினுக்கு டீசல் கொண்டு போவது ஒன்று. இஞ்சின் குடித்து மிஞ்சியதை மறுபடி டாங்கிக்குக் கொண்டுவருவது மற்றது. போற பைப், வாற பைப் என்று நவ்பர் சொல்வான். போற பைப் இருந்த பக்கத்தில் தோலை விரலால் தொட்டேன். பாத்திரத்தின் அடிப்பிடித்த சோறு கழன்று வருவதுபோல ஒரு துண்டு கழன்று என் முகத்தில் விழுந்தது. அதற்குப் பின்னால் டீசல். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். உள்ளே பைப் என்று சொல்ல ஒன்றுமில்லை, சிவப்புத் தூள்தான் இருந்தது. உப்பு ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டு தோல் மேலே மூடியிருக்கிறது. இவ்வளவு நாளும் அந்தத் தோலின் துளைக்குள்ளால்தான் டீசல் ஓடியிருக்கிறது. இதில் ஏறியா மீனோடும் ஐஸோடும் அலைக்குள் போய் வந்தோம் என்று படுத்தபடியே கலிமாவைச் சொன்னேன்.

நவ்பர் புதுப் பைப்பைத் தென்னை மரத்தில் அணைத்து, நசுங்காமல் மெல்ல மெல்ல வளைத்தான். வாயால் ஊதி, தூசி இல்லை என்று பார்த்து, அளவுக்கு வெட்டி, நான் அடியிலிருந்து பிடிக்க அவன் முடுக்கினான். பின்னேரம் அஸருக்கு முன் போற பைப் முழுவதும் புதிதாகிவிட்டது. சுருளில் இன்னும் தாராளமாக மிச்சம் இருந்தது.

"வாறதையும் மாத்துவம் வாப்பா" என்றான் நவ்பர்.

மாமா குனிந்து வந்து ஸ்பானரால் மற்றப் பக்கத்துத் தோலைத் தட்டினார். டொக், டொக் என்று கல்லில் தட்டிய சத்தம் கேட்டது. "இத உடைக்காத. உடைச்சா காத்துப் படும், காத்துப் பட்டாத்தான் துரு வரும்."

"அந்தப் பக்கம் உக்கிப் போயித்தானே இருந்திச்சி?"

"அந்தப் பக்கம் நீ பூசினது. இந்தப் பக்கம் நான் பூசினது."

நவ்பர் மிச்சப் பைப்பைச் சுருட்டிக் கோழிக்கூட்டின் மேல் வைத்தான்.

திங்கட்கிழமை விடியற்காலைச் சுபஹோடு புறப்பட்டோம். மாமா வெள்ளைச் சாரனும் பெருநாளைக்குத் தைத்த சட்டையும் உடுத்து, காதுக்குள் அத்தர் பஞ்சு வைத்திருந்தார். எழுவன்குளம் தாண்டி, கலா ஓயாவின் தாழ்ந்த பாலத்தில் சில்லு நனைய ஏறினோம். அப்பால் காடு, அதற்குள்ளால்தான் முசலிக்கு றோட்டு. வாயிலில் நின்ற காவலாளி உள்ளே எட்டிப் பார்த்து, "பஹின்ன எப்பா" என்றார். இறங்க வேண்டாம் என்று அர்த்தம். அந்தச் சிங்களம் எனக்கு நன்றாக விளங்கியது. இறங்குகிற எண்ணம் எனக்குக் கனவிலும் இல்லை. யானை, கரடி, சிறுத்தை மூன்றும் உள்ள காடு. அத்தோடு றோட்டை விட்டுக் கால் வைத்தால் பழைய கண்ணிவெடி இருக்கலாம் என்று வேறு பேச்சு.

செம்மண் றோட்டில் ஜீப் நன்றாகத்தான் ஓடியது. மாமா தன் ஊர்க்கதையைத் தொடங்கியிருந்தார். கலா ஓயாவுக்கும் அடுத்த ஆற்றுக்கும் நடுவில், முன்னும் பின்னும் ஒரு வாகனமும் இல்லாத இடத்தில், இஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. நின்ற பிறகு கேட்ட அமைதியைப் போல ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை. றோட்டோரத்தில் யானை லத்தி கிடந்தது. அதிலிருந்து ஆவி பறந்தது.

"மச்சான், சுடச்சுட இரிக்கி" என்றேன். என் குரல் எனக்கே பெண்பிள்ளைக் குரலாகக் கேட்டது.

நவ்பர் இறங்கிக் கைப்பம்பை அமத்தினான். கிர்க், கிர்க். நுரைதான் வந்தது, டீசல் வரவில்லை. ஜீப்பின் டீசல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும், அதை நம்ப முடியாது. அவன் பின்னால் போய் றோட்டைப் பார்த்தான். நாங்கள் வந்த வழி நெடுக மண்ணில் ஒரு கறுத்த கோடு எங்களைப் பின்தொடர்ந்து வந்திருந்தது. வாற பைப் போய்விட்டது. குலுங்கலில் மாமாவின் தோல் வெடித்து, இஞ்சினிலிருந்து திரும்பி வந்த டீசல் எல்லாம் டாங்கிக்குப் போகாமல் றோட்டுக்குப் போயிருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மூன்று பேரின் மனதிலும் கோழிக்கூடு இருந்தது.

பின்னால் ஒரு கான் டீசல் இருந்தது. டாங்கிக்குள் ஊற்றினால் அதுவும் கொஞ்ச நேரத்தில் றோட்டுக்குப் போய்விடும். நவ்பர் யோசித்தான். கானிலிருந்து டீசல் உறிஞ்சி எடுக்கும் றப்பர் குழாய் ஒன்று ஜீப்பில் எப்போதும் கிடக்கும். அதை இஞ்சினில் மிச்ச டீசல் வெளியே வரும் வாயில் மாட்டி, பொனட் இடுக்கால் எடுத்து, முன் யன்னலுக்குள்ளால் உள்ளே விட்டு, டாங்கிக்குள் ஊற்றி வெறுமையாக்கிய கானுக்குள் செருகினால் மிச்சம் கானுக்குள் சேரும். கான் நிறைந்ததும் நிறுத்தி, டாங்கிக்குள் ஊற்றிவிட்டுப் போகலாம். கானை யாராவது மடியில் வைத்துப் பிடித்திருக்க வேண்டும். "தாங்க" என்று மாமா கையை நீட்டினார்.

பழைய முனையைக் கழற்ற அடியில் போக வேண்டியவன் மறுபடியும் நான். காட்டு றோட்டில் மல்லாந்து படுத்து, பயத்துக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை மூன்று தரம் தொடங்கி மூன்று தரமும் நடுவில் தொலைத்தேன். பற்றைக்குள் ஒரு கொப்பு முறிந்தது. என் கால்கள் இரண்டும் ஜீப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உடம்பில் மற்ற எதைவிடவும் அந்த நேரம் எனக்கு அந்த இரண்டு கால்கள்மீதுதான் பாசம். மாமா பெரிய ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு என் கால்மாட்டில் காவல் நின்றார். "பயப்புடாதீங்க மருமகன், நான் நிக்கிறன்தானே" என்றார். யானைக்கு ஸ்பானர். சிரிக்க வேண்டிய இடம்தான். என் பல் கிட்டியிருந்தது.

யானை வரவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் காட்டில் நாங்கள் பஸ் மாதிரித் தரிப்புக்குத் தரிப்பு நின்றோம். கான் நிறையும், நிற்போம், இறங்குவோம், ஊற்றுவோம், காது கொடுத்துக் கேட்போம், ஏறுவோம். ஒவ்வொரு தரமும் என் உயிர் இறங்கி ஏறியது. மாமா கானைக் குழந்தைப்பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டிருந்தார். குழிகளில் விழுந்து எழும்பும்போது டீசல் தளும்பி அவருடைய சட்டை நனைந்தது, சாரன் நனைந்தது, அத்தர் மணம் செத்துப்போனது. ஊர்க்கதை சொல்வதை அவர் நிறுத்தியிருந்தார். சூரியன் ஏறுவதை மட்டும் யன்னலால் குனிந்து குனிந்து பார்த்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அளக்கிறவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். விடியமுன் வந்த மற்றவர்கள் பற்றைகளை வெட்டி, உள்ளே போய்த் தங்கள் அத்திவாரத்தையும் கிணற்றையும் கண்டுபிடித்து, மேலே சாரனும் துவாயும் கட்டி அடையாளம் வைத்திருந்தார்கள். அதிகாரி பொல்லாதவர் இல்லை. மாமாவின் கோலத்தைப் பார்த்து இரங்கினார். "ஐயா, நேரம் இல்லே. கெதியா காட்டுங்க" என்றார்.

மாமா இறங்கி நின்றார். முன்னால் சூரை முள்ளும் காரை முள்ளும் ஆளுயரத்துக்குப் பின்னிக் கிடந்தன. பனை இரண்டையும் காணவில்லை. ஒழுங்கை இருந்த இடம் தெரியவில்லை. அவர் இந்தப் பக்கம் நாலடி நடந்தார், திரும்பி அந்தப் பக்கம் நாலடி நடந்தார். கடல் எந்தப் பக்கம் என்று முகத்தைத் தூக்கி மணந்து பார்த்தார். அவரிடமிருந்து டீசல் மணம்தான் வந்தது. பிறகு என் கிட்ட வந்து, நவ்பருக்குக் கேட்காமல், "மருமகன், எனக்கு இடம் புடிபடுதில்ல" என்றார். கையைப் பிடித்திருந்தார். அந்தக் கை நடுங்கிய நடுக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம். காட்டுக்குள் ஸ்பானரோடு நின்ற மனிதர் அவர். அன்று முழுக்க நான் பட்ட பயம் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் எனக்குச் சில்லறையாகத் தெரிந்தது.

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். மாமா கையை நீட்டி, "இதுதான்" என்றார். கல் நட்டார்கள்.

கரைத்தீவுக்குத் திரும்பிய மறுநாள் நவ்பர் ஒரு சுத்தியலோடு ஜீப்புக்கு அடியில் போய், அந்தத் தோல் முழுவதையும் உடைத்து எடுத்தான். உடைந்த பொருக்கு வேப்பமரத்தடியில் கும்பமாகக் கிடந்தது. மாமா கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் கட்டினதுதானே" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கோடையில் காணியைத் துப்புரவாக்கத் தொடங்கினோம். இலை உதிர்ந்து பற்றை மெலிந்திருந்தது. ஒருநாள் நவ்பர் கத்தியை நிறுத்திவிட்டு "வாப்பா" என்று கூப்பிட்டான். எல்லைக் கல்லுக்கு அப்பால், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், வட்டமாக முருகைக்கல் கட்டு ஒன்று தெரிந்தது. மாமா பார்த்த உடனேயே அப்படியே மண்ணில் குந்திவிட்டார். கல் இந்தப் பக்கம், கிணறு அந்தப் பக்கம். அந்தப் பக்கம் அரசாங்கக் காடு, கால் வைக்கக் கூடாது. அளந்தவர்களிடம் போய்க் கேட்டோம். நட்ட கல்லைக் கிளப்ப முடியாது என்றார்கள். மாமாவும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. கல்லுக்கு இந்தப் பக்கம் வீடு கட்டினார், குழாய்க் கிணறு அடித்தார். தண்ணீர் உவர். அந்தத் தண்ணீரில் ஊற்றிய தேத்தண்ணியைப் பற்றி அவர் ஒருநாளும் ஒரு குறையும் சொல்லவில்லை. அது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. பின்னேரங்களில் எல்லைக் கல்லில் போய் இருந்து அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைக் கூட்டிவரப் போகிறவர்கள் கொஞ்சம் தள்ளியே நிற்போம்.

இப்போது அந்த ஜீப் இல்லை, பழைய இரும்புக்குப் போய்விட்டது. கரையில் ஒருவரும் தோல் கட்டுவதில்லை. மாமாவும் இல்லை. அந்த வீட்டில் நவ்பர் இருக்கிறான்.

போன பெருநாளைக்கு அங்கே போனோம். பஸ்லியா என்னைக் கூட்டிக்கொண்டு எல்லைக் கல்லடிக்கு வந்தாள். மழை நன்றாகப் பெய்த வருடம். அந்தப் பக்கம் கொடி படர்ந்து, மரங்கள் தடித்து, எல்லாம் ஒரே பச்சையாக நின்றது, கல்லுக் கட்டு எங்கே என்று எனக்கும் பிடிபடவில்லை. "எங்க, வாப்பாட கிணறு?" என்று கேட்டாள். நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். கையை நீட்டி, "அதுதான்" என்றேன். அவள் நான் காட்டிய இடத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.